நிறுத்து என்றால் ஏன் நிற்பதில்லை? ஆக்டர்களில் நீண்ட வேலைகளை இரத்துச் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் சிலர் கூடுகிறோம். கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளையவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். ஆக்டர் முறையில் நிரல் எழுதுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எந்த வழியாகப் போனாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்: ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட வேலையை எப்படி நிறுத்துவது? அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், வருடக்கணக்கில் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆக்டர் என்பது என்ன?

தனக்கென ஒரு நிலையையும் ஓர் அஞ்சல் பெட்டியையும் வைத்திருக்கும் சிறு நிரல் அலகு. வெளியிலிருந்து யாரும் அதன் நிலையைத் தொட முடியாது. செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். வந்த செய்திகளை அது ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்யும். கார்ல் ஹெவிட், பீட்டர் பிஷப், ரிச்சர்ட் ஸ்டைகர் ஆகிய மூவரும் 1973ஆம் ஆண்டு இந்த மாதிரியை முன்வைத்தார்கள். எண்பதுகளின் நடுவில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனத்தில் எர்லாங் மொழி பிறந்தபோது, ஏறக்குறைய இதே சிந்தனை வேறு வழியாக நடைமுறைக்கு வந்தது.

"ஒன்றன்பின் ஒன்றாக" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி தடுக்கும் பூட்டுகள் இல்லாமல் நிம்மதியாக எழுத முடிவது அதனால்தான். இரத்துச் செய்வதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவையும் அதிலிருந்தே முளைக்கின்றன.

"நிறுத்து" என்று செய்தி அனுப்பினேன். ஏன் நிற்கவில்லை?

முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 640 ஊழியர்களுக்கு மாதச் சம்பளச் சீட்டு தயாரிக்கும் வேலையை ஓர் ஆக்டரிடம் கொடுத்திருந்தோம். அது ஒவ்வொருவருக்கும் கொடுப்பனவுகளைக் கூட்டி, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதத்தையும் முதலாளியின் 12 சதவீதத்தையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதத்தையும் கணக்கிட்டு, சீட்டை ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்பும். "சம்பளத்தை ஓட்டு" என்பது ஒரே ஒரு செய்தி. அந்த ஒரு செய்திக்குள் 640 பேருக்கான சுற்று முழுவதும் இருந்தது.

ஒரு மாதம், முந்தைய மாதத்தின் கொடுப்பனவுப் பட்டியல் தவறுதலாக ஏற்றப்பட்டுவிட்டது. கணக்காளர் இரண்டாவது நிமிடத்திலேயே அதைக் கண்டுபிடித்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். திரையில் "நிறுத்தப்பட்டது" என்று வந்தது. சற்று நேரத்தில் தொலைபேசியில் என்னை அழைத்தார்: "தம்பி, நிறுத்திவிட்டேன். ஆனால் கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கின்றனவே?" போய்க்கொண்டுதான் இருந்தன. "நிறுத்து" என்ற செய்தி அஞ்சல் பெட்டிக்குள் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. ஆக்டர் 640ஆவது ஊழியரை முடித்துவிட்டு, அடுத்த செய்தியை எடுத்துப் படித்து, நிறுத்துவதற்கு எதுவுமே இல்லாத நிலையில் கீழ்ப்படிந்தது. மொழியிலோ நூலகத்திலோ எந்தப் பிழையும் இல்லை. ஆக்டர் தான் வாக்களித்தபடியே நடந்தது. பிழை, அந்த அமைப்பை எழுதிய எங்களுடையது.

இதை விளக்க எனக்குக் கொத்து ரொட்டிக் கடைதான் கைகொடுக்கிறது. தகட்டின் முன்னால் இரண்டு கைகளாலும் கொத்திக்கொண்டிருப்பவரிடம் போய் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், அந்த ஓசையில் அவருக்குக் கேட்காது. அதனால்தான் வாசலில் காசாளர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதையும் கொத்துவதில்லை, கேட்பதற்கென்றே இருக்கிறார். வேலை செய்பவரும் செவிகொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை எந்த ஆக்டரையும் நேரத்தோடு நிறுத்த முடியாது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை.

அப்படியானால் எப்படி அமைப்பது?

இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, வேலையைத் துண்டாக்குவது. ஆக்டர் இருபது ஊழியர்களை முடித்ததும் தனக்குத்தானே "அடுத்த இருபது" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு அஞ்சல் பெட்டிக்குத் திரும்புகிறது. இடையில் "நிறுத்து" வந்திருந்தால் அதையும் படிக்கிறது. இங்கே பலர் சறுக்குகிறார்கள்: 32 துண்டுகளையும் தொடக்கத்திலேயே பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்போது "நிறுத்து" முப்பத்திரண்டுக்கும் பின்னால் வரிசையில் நிற்கும், துண்டாக்கியும் பயனில்லை. பெட்டியில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு "அடுத்தது" மட்டுமே இருக்க வேண்டும்.

இரண்டாவது, காசாளரையும் சமையல்காரரையும் பிரிப்பது. ஒருங்கிணைக்கும் ஆக்டர் தானே எதையும் கணக்கிடாது. வேலையை ஒரு பிள்ளை ஆக்டரிடமோ தனிப் பணியிடமோ கொடுத்துவிட்டு, எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கும். நிறுத்தச் சொன்னால் பிள்ளையை நிறுத்தும்; பிள்ளை இடையில் விழுந்தாலும் அதற்கு முதலில் தெரிந்துவிடும்.

துண்டாக்க இயலும் வேலையானால் எனக்கு முதல் வழி பிடிக்கும். வேலையை எங்கே நிறுத்தலாம் என்பது நம் கையில் இருக்கும். படம் சுருக்குதல், பெரிய கோப்பை வாசித்தல், பிறர் எழுதிய நூலகத்தை அழைத்தல் போன்று நடுவில் நுழைய முடியாத வேலைகளுக்கு இரண்டாவது வழிதான் வேண்டும். சம்பளச் சீட்டு போன்றவற்றுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வேன்: வேலை செய்யத் தனிப் பிள்ளை, அந்தப் பிள்ளைக்குள்ளும் துண்டுகள்.

துண்டு எவ்வளவு பெரியதாக இருக்கலாம்?

எண்ணிக்கையால் அளக்காதீர்கள், நேரத்தால் அளங்கள். மேலே எளிமைக்காக இருபது என்றேன்; ஆனால் இருபது ஊழியர்கள் இன்று கால் விநாடி எடுக்கலாம், தரவுத்தளம் தடுமாறும் நாளில் முப்பது விநாடி எடுக்கலாம். "ஏறக்குறைய 100 மில்லி விநாடி கடந்தால் பெட்டிக்குத் திரும்பு" என்று எழுதுவது பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

எர்லாங்கில் ஒரேயடியாகக் கொன்றுவிடலாமே?

கொல்லலாம். மற்ற பல மொழிகளுக்கு இல்லாத வசதி அது. அதை நான் மதிக்கிறேன். எர்லாங் இயந்திரம் (எர்லாங் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொரு புரொசெஸையும் (எர்லாங்கில் ஆக்டருக்கு அந்தப் பெயர்) சுமார் 4000 ரிடக்‌ஷன்கள் ஓடவிட்டு, பிறகு இன்னொன்றுக்கு முறை கொடுக்கிறது. ரிடக்‌ஷன் என்பதை ஏறத்தாழ ஒரு செயற்கூற்று அழைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முடிவில்லாத சுற்றில் சிக்கிய புரொசெஸையும் இடைமறிக்க முடியும். "எக்சிட்" அழைப்பில் காரணமாகக் "கில்" என்று கொடுத்தால், வெளியேற்றச் சமிக்ஞைகளைப் பிடித்துவைக்கும்படி அமைத்த புரொசெஸ்கூடத் தப்பாது. ஒவ்வொரு புரொசெஸுக்கும் தனி நினைவகம் என்பதால், கொல்லப்பட்டது இன்னொன்றின் தரவைப் பாதியில் விட்டுச் செல்வதும் இல்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு இயந்திரத்தின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. பாதி எழுதிய கோப்பு பாதியாகவே கிடக்கும். வெளியே அனுப்பிய கோரிக்கை போனது போனதுதான். "டர்மினேட்" என்ற துப்புரவுச் செயற்கூறு அழைக்கப்படாது. சி மொழியில் எழுதி இணைத்த குறியீடு ஓடிக்கொண்டிருந்தால், புரொசெஸ் இறந்தாலும் அந்தக் குறியீடு தன் பாட்டுக்கு முடியும்வரை ஓடும். அப்படிப்பட்ட அழைப்பு ஒரு மில்லி விநாடிக்குள் திரும்ப வேண்டும் என்று எர்லாங்கின் ஆவணங்கள் வலியுறுத்துவது காரணமில்லாமல் அல்ல.

எனவே முதலில் "ஷட்டவுன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குறித்த நேரத்துக்குள் போகாவிட்டால் கொல்லுங்கள். எர்லாங்கின் மேற்பார்வையாளர்கள் (பிற புரொசெஸ்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் புரொசெஸ்கள்) செய்வதும் இதுவே: வேலையாளர் புரொசெஸுக்கு இயல்பாக 5000 மில்லி விநாடி அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் கொல்கிறார்கள். வெளியுலகைத் தொடாத வெறும் கணக்கீடு என்றால் அந்த அவகாசமும் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்ற நாட்களைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்வெட்டு "ஷட்டவுன்" என்று சொல்லிவிட்டு வருவதில்லை. திடீர்ச் சாவைத் தாங்காத நிரல், மரியாதையான நிறுத்தத்தை எவ்வளவு அழகாகக் கையாண்டாலும், அரைகுறையானதுதான்.

ஜாவா உலகில் ஏன் அப்படிக் கொல்ல முடிவதில்லை?

முயன்று பார்த்தார்கள். ஜாவாவில் திரெட்டை (ஒரே நிரலுக்குள் நினைவகத்தைப் பகிர்ந்தபடி இணையாக ஓடும் இழையை) வெளியிலிருந்து நிறுத்தும் "ஸ்டாப்" என்ற செயற்கூறு இருந்தது. அப்படி நிறுத்தியபோது, திரெட் பிடித்திருந்த பூட்டுகள் எல்லாம் சட்டென்று விடுபட்டு, பாதி மாற்றிய பொருள்கள் மற்றத் திரெட்டுகளின் கண்ணில் பட்டன. பகிர்ந்த நினைவகத்தில் வேறு எப்படி நடக்கும்? 1998இல் வந்த ஜாவா 1.2 பதிப்பிலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2023இல் வந்த ஜாவா 20இலிருந்து அதை அழைத்தால் பிழைதான் எழும்.

ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் அக்கா நூலகமும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. (பெயர் நம் வீட்டு அக்கா அல்ல, சுவீடனின் வடக்கே உள்ள மலை ஒன்றின் பெயர்.) அதில் ஆக்டரை நிறுத்த மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். "ஸ்டாப்" என்றால், கையில் உள்ள செய்தியை முடித்ததும் ஆக்டர் நிற்கும். பெட்டியில் மீதமிருப்பவை படிக்கப்படாமல் போகும். "பாய்சன் பில்" சாதாரணச் செய்தியைப் போல வரிசையில் நின்று, தனக்கு முன்னால் வந்தவை முடிந்த பிறகே வேலை செய்யும். "கில்" என்பதும் வரிசையில் நிற்கும் செய்திதான். அதன் முறை வந்ததும் ஒரு விதிவிலக்கை எழுப்பி, என்ன செய்வதென்ற முடிவை மேற்பார்வையாளரிடம் விடும். பெயரைப் பார்த்து எர்லாங்கின் "கில்" போல உடனே கொல்லும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். மூன்றில் எதுவுமே, செய்தி ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் ஆக்டரை நடுவில் வெட்டாது. 2022இல் அக்காவின் உரிமம் மாறிய பின் அதிலிருந்து பிரிந்த அப்பாச்சி பெக்கோவிலும் இதே நடைதான்.

கூடவே, ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் ஸ்காலா மொழியின் "ஃபியூச்சர்" (பின்னணியில் ஓடி முடிவைப் பிறகு தரும் வேலை) பற்றி ஓர் எச்சரிக்கை: அதை இரத்துச் செய்யும் வழியே அதில் இல்லை. ஆக்டரிலிருந்து ஃபியூச்சர் ஒன்றைத் தொடங்கி, பிறகு ஆக்டரை நிறுத்தினால், ஃபியூச்சர் தன் வேலையை முடித்துவிட்டு இறந்த ஆக்டருக்குக் கடிதம் எழுதும்.

சுவிஃப்ட் மொழியில் "கேன்சல்" இருக்கிறதே, அது போதாதா?

2021இல் சுவிஃப்ட் 5.5 ஆக்டர்களையும் டாஸ்க்குகளையும் (தனித்தனியாக ஓடும் வேலைகளையும்) ஒன்றாகக் கொண்டுவந்தது. அங்கே "கேன்சல்" ஒரு கொடியை மட்டுமே உயர்த்தும். டாஸ்க் அந்தக் கொடியைப் பார்த்தால்தான் நிற்கும். பார்க்காத சுற்று கடைசிவரை ஓடும். தாய் டாஸ்க்கின் இரத்து, அதற்குள் முறைப்படி பிறந்த பிள்ளை டாஸ்க்குகளுக்கும் போய்ச் சேரும். ஆனால் தனியாக "டாஸ்க்" என்று எழுதித் தொடங்கியது அந்தக் குடும்பத்தில் சேராது. அதன் கைப்பிடியை நீங்களே வைத்திருந்து நீங்களே இரத்துச் செய்ய வேண்டும்.

சுவிஃப்ட் ஆக்டருக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு: "அவெய்ட்" என்று காத்திருக்கும் இடத்தில் ஆக்டர் வேறு அழைப்புகளை உள்ளே விடும். இரத்துக்கு அது நன்மை. காத்திருக்கும் வேளையில் உங்கள் நிறுத்தும் அழைப்பு உள்ளே நுழைந்துவிடும். ஆனால் காத்திருந்து திரும்பும்போது ஆக்டரின் நிலை மாறியிருக்கலாம். ஒவ்வொரு "அவெய்ட்"டுக்குப் பிறகும், "இந்த வேலை இன்னும் வேண்டப்படுகிறதா?" என்று கேட்டுவிட்டு மேலே போகும் பழக்கம் வேண்டும்.

காத்திருப்பு நேரம் கடந்துவிட்டால் வேலை நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நின்றது காத்திருத்தல் மட்டுமே.

எர்லாங்கில் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் புரொசெஸ்களை எழுதப் பயன்படும் ஜென் சர்வர் என்ற அச்சில், அழைப்பு இயல்பாக 5 விநாடி காத்திருக்கும். ஆறாவது விநாடியில் கேட்டவர் கைவிட்டுவிட்டார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பார். கேட்டவர் மறுபடி கேட்டால் அதே வேலை இரண்டாவது தடவையும் வரிசையில் சேரும். சுமை கூடக்கூடப் பதில் தாமதமாகும், தாமதமாக ஆக இன்னும் பலர் மறுபடி கேட்பார்கள். அமைப்புகள் மூச்சடைத்து விழுவதை நான் பார்த்தபோதெல்லாம் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருந்தது.

கோரிக்கையோடு கெடு நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெடு கடந்திருந்தால் ஆக்டர் அதைத் தொடாமல் விட்டுவிடலாம். நீண்ட வேலை என்றால், வேலையாளர் "மானிட்டர்" மூலம் கேட்டவரைக் கண்காணிக்கட்டும். கேட்டவர் இறந்தால் வேலையாளருக்குச் செய்தி வரும்.

நிறுத்தும் செய்தியும் வேலையின் முடிவும் வழியில் குறுக்கிட்டால்?

குறுக்கிடும். "குறுக்கிடலாம்" என்று நினைத்து எழுதுபவர்கள்தான் பிறகு நள்ளிரவில் எழுந்து பதிவேடுகளைப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். எல்லாச் செய்திகளும் அந்த எண்ணைச் சுமந்து வரட்டும். பழைய வேலையை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்கிய பிறகு பழையதன் முடிவு தாமதமாக வந்து சேர்ந்தால், எண்ணைப் பார்த்து ஒதுக்க முடியும். எண் இல்லாவிட்டால் போன மாதக் கணக்கு இந்த மாதத் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "நிறுத்து" இரண்டு முறை வந்தாலும் ஒரு முறை வந்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். நிறுத்தக் கேட்டவருக்கு "முன்பே முடிந்துவிட்டது" என்ற பதிலும் கிடைக்க இடம் இருக்க வேண்டும். அது தோல்வி அல்ல, உண்மை.

ஆக்டர் நின்றுவிட்டது, தரவுத்தளத்தில் வினவல் இன்னும் ஓடுகிறது. ஏன்?

தரவுத்தளச் சேவையகம் வேறொரு வீடு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், பதில் எழுத முயலும் வரை மறுமுனை போய்விட்டதைச் சேவையகம் கவனிக்காமல் இருக்கலாம். வேறோர் இணைப்பின் வழியாக "பிஜி கேன்சல் பேக்கெண்ட்" என்ற செயற்கூற்றை அழைத்து வினவலை நிறுத்தலாம். அதோடு, ஒரு வினவல் ஓடக்கூடிய நேரத்துக்கு எல்லை வகுக்கும் "ஸ்டேட்மென்ட் டைம்அவுட்" ஒன்றையும் எப்போதும் வைத்திருங்கள். உங்கள் நிரல் முழுவதும் இறந்தாலும் அது காவல் இருக்கும்.

பாதியில் நிறுத்தினால், ஏற்கெனவே செய்து முடித்தவற்றை என்ன செய்வது?

இரத்துச் செய்வதில் மிகக் கடினமானது இதுதான். எந்த நூலகமும் உங்களுக்காக இதைத் தீர்த்துத் தராது. ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் 1987இல் எழுதிய கட்டுரையில் இதற்குச் "சாகா" என்று பெயரிட்டு ஒரு வழி சொன்னார்கள்: நீண்ட வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அதைச் சரிக்கட்டும் எதிர்ப்படி ஒன்றை வைத்திருப்பது. நடுவில் நின்றால், முடிந்த படிகளின் எதிர்ப்படிகளைப் பின்னோக்கிச் செய்துகொண்டு வருவது.

ஆனால் போன மின்னஞ்சலுக்கு எதிர்ப்படி கிடையாது. மன்னிப்புக் கடிதம் அனுப்பலாம். ஒருவர் தன் சம்பளம் குறைந்துவிட்டதாக எண்ணிக் கலங்கிய அரை மணிநேரத்தை அது திருப்பித் தராது. ஆகவே திரும்பப் பெற முடியாத படியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் 640 பேருக்கும் கணக்கிட்டுச் சேமித்து, மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு மட்டும் அனுப்பத் தொடங்குங்கள். கணக்கிடும் கட்டத்தில் எத்தனை தடவை நிறுத்தினாலும் யாருக்கும் நட்டமில்லை.

திரையில் என்ன காட்டுவது?

நமது மொழியில் "நிறுத்தப்படுகிறது" வேறு, "நிறுத்தப்பட்டது" வேறு. பொத்தானை அழுத்திய கணத்தில் முதலாவதைக் காட்டுங்கள். வேலையாளரிடமிருந்து உறுதி வந்த பிறகே இரண்டாவதைக் காட்டுங்கள். அந்தக் கணக்காளரை ஏமாற்றியது இந்த ஒரு சொல்தான். "நிறுத்தப்பட்டது" என்று காட்டாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் முன்னதாகவே என்னை அழைத்திருப்பார்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் திரை அமைக்கும்போது மொழிபெயர்ப்பைப் பட்டியலில் நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். "வேலையை இரத்துச் செய்யவா?" என்ற கேள்விக்குக் கீழே "சரி", "இரத்துச் செய்" என்று இரண்டு பொத்தான்கள் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எதை அழுத்தினால் வேலை நிற்கும்? "வேலையை நிறுத்து", "தொடரட்டும்" என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

தொடங்கும் முன், நடுவில், முடிந்த மறுகணத்தில் என மூன்று இடங்களிலும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு தடவை நிறுத்துங்கள். கேட்டவரைக் கொன்று பாருங்கள். பிறகு மொத்த இயந்திரத்தையும் மின்இணைப்பைப் பிடுங்கி நிறுத்துங்கள்.

அந்தச் சம்பளச் சீட்டு வேலை பின்னர் என்ன ஆயிற்று?

அடுத்த மாதத்துக்குள் திருத்தி எழுதினோம். கணக்கிடுதலையும் அனுப்புதலையும் பிரித்தோம். அனுப்புவதை நேரத்தால் அளந்த சிறு துண்டுகளாக்கினோம். யாருக்கு அனுப்பினோம் என்பதை ஒவ்வொரு தடவையும் பதிந்தோம். முதல் ஓட்டத்தின்போது கணக்காளரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பட்டியல் சரியாகவே இருந்தது. ஆனாலும் அனுப்புதல் நடுவில் இருக்கும்போது அவர் ஒரு தடவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். "நிறுத்தப்படுகிறது" என்று வந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் "நிறுத்தப்பட்டது: 212 அனுப்பப்பட்டன, 428 மீதம்" என்று மாறியது. தன் கைத்தொலைபேசியில் இரண்டு சக ஊழியர்களை அழைத்துச் சீட்டு வந்ததா, வரவில்லையா என்று சரிபார்த்தார். பிறகு "தொடர்" என்பதை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.